நீங்க ரெண்டு பேரும் யாரு?

கோபிக்கும் கவிப்ரியாவுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் மத்திகிரியில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டின் சொந்தக்காரி நஞ்சம்மாவுக்கு அதில் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. "ஏனப்பா, உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா நான் பாத்ததே இல்லியே. ஆளே ஒண்ணுதானோ என்னமோ, காலைல பேண்ட் போட்டுக்கிட்டுப் போயிட்டு சாயங்காலம் சுடிதார் போட்டுக்கிட்டு வருதோ?" என்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நாலு பேர் இருக்கும்போதுதான் கேட்பாள். கோபி சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். அவனுக்குப் பதில் தோன்றாமல் இல்லை. தோன்றிய பதில் வாய்க்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர் போயிருப்பார்.

நஞ்சம்மா சொல்வதிலும் தப்பில்லை. அவனுக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை, அவளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். இரண்டிலும் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்; இரண்டும் ஒன்றுபோல மாறித் தொலைக்காது. அவன் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். அவள் வந்து சேரும்போது அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருப்பான். வாசற்படியில் சாவி கைமாறும். அதோடு ரெண்டு வார்த்தை: புளிக்குழம்பு இருக்கிறது, சூடு பண்ணிக்கொள், கேஸ் தீரப்போகிறது, சொல்லி வை. ஒரே மெத்தையில் ஆளுக்கொரு நேரம் தூங்கினார்கள். அவள் தலை பதிந்த பள்ளத்தில் அவன் தலையை வைத்தான். இதற்குப் பேர் குடித்தனம்.

வார ஓய்வு ஆளுக்கு ஒரு நாள் உண்டு. இருவருக்கும் அது ஒரே நாளில் விழுவது, மாதத்தில் ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம். அந்த நாளை இருவரும் விட்டுவைப்பதே இல்லை. மலைக்கோயில் படியேறி, மேலே நின்று, அதோ உன் கம்பெனி, அதோ என் கம்பெனி என்று கூரைகளைக் காட்டிக்கொள்வார்கள். கே.ஆர்.பி. அணைக்குப் பைக்கில் போய்ப் பொரித்த மீன் தின்றுவிட்டு, விரலை முகர்ந்தபடியே திரும்புவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தட்டு மசாலா பூரி, இரண்டு ஸ்பூன். ஒரு தடவை டவுன் பஸ் ஏறி, எல்லையைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் இறங்கி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள். கர்நாடகா டூர் போய் வந்ததாகச் சாமல்பட்டியிலிருக்கும் அம்மாவுக்கு கவிப்ரியா போன் போட்டுப் பீற்றிக்கொண்டாள்.

இவை எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிப் பூங்கா. பூங்கா என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. பாதி காய்ந்த புல், சிமெண்ட் பெஞ்சுகள், ஓடாமல் கரையில் கிடக்கும் மிதிபடகு. ஆனால் தண்ணீர் இருந்தது. ராத்திரி முழுக்க வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாத திருகாணிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு, எதையும் உற்றுப் பார்க்க வேண்டியில்லாத அந்தத் தண்ணீர் போதும்.

அந்த மாதம் அப்படி விழுந்த நாள், அவளுக்கு நைட் ஷிப்ட் முடிந்த காலை. வீட்டுக்குப் போனால் மெத்தையைப் பார்ப்பாள், மெத்தையைப் பார்த்தால் தூங்கிவிடுவாள், கிடைத்த ஒரு நாளும் போய்விடும். அதனால் கோபி டிபன் பாக்ஸில் இட்லியோடு பைக்கை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விட்டான். நீலக் கோட்டும் கழுத்தில் ஐடி கார்டுமாக அவள் இறங்கினாள். நேராகப் பூங்கா.

அவள் வேலை பார்க்கும் கூடத்துக்குள் ஒரு பொட்டு உலோகமும் போகக்கூடாது. வாசலில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. ஹேர்பின் இருந்தாலும் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கல்யாணமான பெண்கள் தாலியையும் மெட்டியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். கோட்டுக் காலருக்குள் அது வெளியே தெரியாது. இங்கே வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இட்லி தின்று முடித்ததும் கவிப்ரியா அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கோபி அசையாமல் உட்கார்ந்திருந்தான். தோள் மரத்தது. மரத்துப்போன தோள்கூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பூங்கா வாட்ச்மேன் பரமசிவம் கம்பால் பெஞ்சைத் தட்டினார். இருவரும் யார் என்று கேட்டார். என் வொய்ஃபுங்க என்றான் கோபி.

"வொய்ஃபுன்னா தாலி எங்க?"

கவிப்ரியா கண் விழித்தாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை; அவனைப் பார்த்தே பேசினார்.

"இந்தக் கம்பெனிப் பொண்ணுங்களோட இதே ரோதனயாப் போச்சு தம்பி. வேலைக்குப் போறேன்னு வூட்ல சொல்லிட்டு, அட்டையும் மாட்டிக்கிட்டு இங்க வந்து சாஞ்சிக்கிறது. எந்த ஊரு நீங்க? யாரு வூட்டுப் பசங்க?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பது கோபிக்குத் தெரியும். சாமல்பட்டிப் பக்கம் அவர்கள் தெருவில் பிறந்த யாருக்கும் தெரியும். முதலில் ஊர் பேரைக் கேட்பார்கள். பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அந்தப் பக்கத்தைச் சொன்னதும் கேட்டவர் முகம் வேறாகிவிடும்.

கவிப்ரியா காலருக்குள் கைவிட்டு அந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவள் இழுக்கவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம் என்றாள். கை மடியிலேயே இருந்தது. கோபிதான் அவசரப்பட்டான். போனை எடுத்து, கல்யாணப் போட்டோவைத் தேடி, நீட்டினான்.

பரமசிவம் போனை அவன் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி மாலையைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார். அப்புறம் கட்டைவிரல் ஒரு தள்ளு தள்ளியது. மொட்டை மாடியில் ஈரத்தலையை விரித்துப்போட்டுக் காயவைத்துக்கொண்டிருக்கும் கவிப்ரியா. இன்னொரு தள்ளு. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி துவைக்கிறவள். இன்னொரு தள்ளு. வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்குகிறவள். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு விடியலில் அவளுக்குத் தெரியாமல் கோபி எடுத்த படம் அது, அவளே இன்னும் பார்த்ததில்லை. பரமசிவம் உதட்டோரம் சிரித்தார்.

"சரி சரி, புருஷன் பொண்டாட்டிதான். அடுத்த வாட்டி தாலியப் போட்டுக் கூட்டிட்டு வா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்கண்ணா. தேங்க்ஸ்ங்கண்ணா" என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டான் கோபி.

திரும்பும்போது டிபன் பாக்ஸை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவள் பைக்கில் உட்கார்ந்தாள். மத்திகிரி வரும்வரை அது அவன் முதுகெலும்பில் இடித்துக்கொண்டே வந்தது. வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எதுக்கு தேங்க்ஸ் சொன்ன?"

பிரச்சனை பெரிசாகக் கூடாது என்றுதான், என்று அவன் இழுத்தான்.

"எனக்கு இதுக்கு மேல என்னா பெருசாவணும்? உள்ள வரணும்னா தாலியக் கழட்டுன்னு கம்பெனில சொன்னாங்க, கழட்டுனேன். உக்காரணும்னா தாலியக் காட்டுன்னு அவன் சொல்றான். என் கழுத்து என்னா செக்போஸ்ட்டா, போறவன் வரவன்லாம் நிறுத்திப் பாக்கறதுக்கு?"

டிபன் பாக்ஸை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவன் கேட்டது அவன் திமிரு. நீ தூக்கிக் குடுத்தியே. என்னை ஒரு வார்த்த கேட்டியா? நான் தூங்கறத அவன் பாக்கறான், நீ பாத்துட்டு நிக்கற."

அதற்குப் பிறகு அவள் சத்தம் போடவில்லை. சமைத்தாள், சாவி கொடுத்தாள், கேஸைப் பற்றிச் சொன்னாள். ஆனால் அவனை மாமா என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. கோபி தூங்கும் படத்தை அழித்தான். அழித்ததும் இன்னும் ஆத்திரமாக வந்தது. தன்னிடம் இல்லாமல் போன படம் இப்போது அந்த ஆளின் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது.

மெஷின் முன்னால் நிற்கும்போதெல்லாம் பதில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இந்தப் பெண்கள் ராத்திரி நின்று வேலை பார்க்கிற காலில்தான் இந்த ஊரே நிற்கிறது. லைன் வீட்டு வாடகை அவர்களால் வருகிறது. டீக்கடை, செல்போன் கடை, ஷேர் ஆட்டோ எல்லாம் அவர்களை வைத்து ஓடுகிறது. ஏன், இந்தப் பூங்காவுக்கு வார நாளில் வருகிறதும் இவர்கள்தான். எல்லோருக்கும் அவர்கள் சம்பளம் வேண்டும். சம்பளம் வாங்கியவள் ஒரு நாள் கால் நீட்டி உட்கார்ந்தால் மட்டும் இவள் யார், இவன் யார். காரில் வந்து இறங்கும் ஜோடியிடம் பரமசிவம் கம்பைத் தட்டிப் பார்க்கட்டும். ஆனால் இத்தனையும் மெஷினிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இருவருக்கும் சேர்ந்து விழுந்த அடுத்த ஓய்வு நாளும் அவளுடைய நைட் ஷிப்ட் முடிந்த காலையாகவே அமைந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியவளிடம் மலைக்கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டான். அவள் அதே நீலக் கோட்டோடு பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

"அங்கயே போ" என்றாள்.

பள்ளி விடுமுறையோ என்னவோ, பூங்கா வாசலில் கொஞ்சம் கூட்டம் இருந்தது. பரமசிவம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்கு முன்னால் வேறொரு கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டையில் ஒரு பெண்ணும், அவளோடு ஒரு பையனும் நின்றார்கள். அந்த இருவரையும் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார். கோபியைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைக் கண்டவர்போல முகம் மலர்ந்தார்.

"வா தம்பி, வாம்மா. இவங்களும் உங்கள மாதிரி கம்பெனிதான்" என்று அந்த ஜோடியிடம் திரும்பினார். "இவரு அன்னிக்குக் கேட்டதும் மரியாதையா போனத் தொறந்து காட்டுனாரு. தேங்க்ஸும் சொல்லிட்டுப் போனாரு. அந்த மாதிரி எடுத்துக் காட்டுங்க, நான் ஏன் தடுக்கப் போறேன்?"

சாம்பல் சட்டைப் பெண் கைப்பைக்குள் போனைத் துழாவினாள். கோபி சொன்ன ஒரு தேங்க்ஸ் இந்த வாசலில் சட்டமாகிவிட்டிருக்கிறது. கவிப்ரியா அவனைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டாதீங்க" என்றான் கோபி.

குரல் அவனுக்கே யாருடையதோபோல் கேட்டது. பரமசிவம் என்ன தம்பி என்றார்.

"அன்னிக்கு நான் காட்டியிருக்கக் கூடாதுங்கண்ணா. நீங்க கேட்டிருக்கவும் கூடாது. டிக்கெட்டு எடுத்தாச்சு, உள்ள விடுங்க."

மேலிடத்து உத்தரவு என்றார் அவர். போர்டில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றான் இவன். பக்கத்திலேயே போர்டு இருந்தது. பூப் பறிக்கக் கூடாது, ஏரியில் இறங்கக் கூடாது, பிளாஸ்டிக் கொண்டுவரக் கூடாது. கல்யாணத்தைப் பற்றி ஒன்றுமில்லை. இடுப்பில் குழந்தையோடு பின்னால் நின்ற ஓர் அம்மாள், இனிமேல் டிக்கெட்டோடு பத்திரிகையும் வைத்து அழைக்க வேண்டுமோ என்றாள். வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பரமசிவம் கம்பை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு வழிவிட்டார். அந்த ஜோடி திரும்பியும் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டது.

கோபியையும் போகச் சொன்னார். அவன் போகவில்லை. இத்தனை நாள் மெஷினிடம் சொன்னதெல்லாம் இப்போதுதான் வாய்க்கு வந்து சேர்ந்திருந்தது.

"இன்னொண்ணு இருக்குதுங்க. ஒரு போட்டோதான் காட்டுனேன். நீங்க தள்ளித் தள்ளிப் பாத்தீங்க."

"அது கை பட்டு நகந்திருக்கும்."

"சிரிச்சீங்களே."

பரமசிவத்தின் முகம் சுண்டியது. வரிசையைப் பார்த்தார். அவன் பக்கம் குனிந்து குரலைத் தணித்தார். "சரி தம்பி, தப்புதான். விட்டுடு. ஜனம் பாக்குது பாரு."

"என்கிட்ட சொல்லாதீங்க. போன்ல இருந்தது அவ, அவகிட்ட சொல்லுங்க."

பரமசிவம் நிமிர்ந்தார். அவருடைய கழுத்து டிக்கெட் பக்கம் திரும்பியது, ரோட்டுப் பக்கம் திரும்பியது, ஏரிப் பக்கமும் திரும்பியது. அவள் நின்ற பக்கம் மட்டும் திரும்ப மறுத்தது. ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சொல்லி முடித்துக்கொள்ளத் தெரிந்த ஆளுக்கு இது புதுசு. கவிப்ரியா தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராத்திரி முழுக்க நின்றவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பது ஒன்றும் கஷ்டமில்லை.

குழந்தைக்காரி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் போனது. பரமசிவம் ஒவ்வொரு டிக்கெட்டாகக் கிழித்தார். வரிசை காலியானது.

"உள்ள போங்கம்மா" என்றார், கிழிந்த துண்டுகளைப் பார்த்தபடி.

"அது இல்ல" என்றாள் கவிப்ரியா.

கோபி வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.