தவிட்டுக்குப் போன பிள்ளை

எதிர்வீட்டுத் தில்லையம்மாளைக் கண்டாலே எல்லம்மாளுக்கு வயிறு எரியும். அந்த அம்மாள் அழகியா என்றால் இல்லை. பணக்காரியா? அதுவும் கிடையாது. மூன்று மாடு வைத்துத் தெருவுக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். புடவையில் எந்நேரமும் சாணி வாடை. சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவளைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருந்தது. எல்லம்மாள் சுமந்து பெற்ற இளைய பிள்ளை, தில்லையம்மாளை ‘அம்மா’ என்று கூப்பிட்டான். பெற்றவளை ‘அக்கா’ என்றான்.

விடிந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வருவான். “அம்மோவ்!” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல். மாட்டு மடியிலிருந்து கையை எடுக்காமலேயே அங்கேயிருந்து பதில் வரும்: “இன்னாடா தவுடு, எழுந்துக்கினியா?” இங்கே ராட்டை முன்னால் உட்கார்ந்து புருஷன் தறிக்கு ஊடை இழையைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருக்கும் எல்லம்மாளின் கை அப்படியே நின்றுவிடும். பட்டு இழை அறுந்துபோகும். அறுந்ததை எடுத்து முடிச்சுப் போடும்போது, “கூப்பிடறான் பாரு, கொஞ்சிக் கொஞ்சி” என்று பல்லைக் கடிப்பாள்.

யாரைக் குற்றம் சொல்வது? விற்றவள் அவளேதான்.

மூத்தவன் கமல் பிறந்து தவழ்ந்து நடந்து எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குப் பின்னால் வந்த இரண்டும் தொட்டிலைத் தாண்டவில்லை. மறுபடி வயிற்றில் தரித்தபோது எல்லம்மாள் பயந்து நடுங்கிப்போனாள். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் எல்லா வீட்டுப் பிரசவத்துக்கும் போய் நிற்கிற அங்கம்மாள்தான் வழி சொன்னாள்.

“பொறந்ததும் தவுட்டுக்கு வித்துடுமா. உன் புள்ளன்னு தெரிஞ்சாதானே கண்ணு படும்? பெத்த புள்ளைங்க அத்தினியும் நல்லா கீற மவராசியாப் பாத்துக் குடு.”

அப்படிப்பட்ட மகராசி தெருவில் ஒருத்திதான். தில்லையம்மாளுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் குண்டுக்கல் மாதிரி. தீட்டுக் கழித்த அன்று பிள்ளையை முறத்தில் கிடத்தி வாசற்படியில் வைத்தார்கள். தில்லையம்மாள் மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டை எல்லம்மாளின் முந்தானையில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். “இனிமே இது என் புள்ள. தவுடுன்னுதான் கூப்புடணும். நீ வளத்துக் குடு” என்றாள். படவேட்டு அம்மனுக்கு முதல் மொட்டை போடுகிற வரைக்கும் பெற்றவள் அவனைத் தன் பிள்ளை என்று வாய் திறந்து சொல்லக் கூடாது, அவனும் இவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. மொட்டை போட்ட அன்று, வாங்கிய தவிட்டுக்கு இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். இதுதான் பேச்சு. பள்ளிக்கூடத்துக்கென்று சிட்டிபாபு என்று ஒரு பேரும் முடிவு செய்து வைத்தார்கள்.

எல்லம்மாள் அந்தப் பேச்சை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என்கிறீர்கள்! பால் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்துப் பிள்ளை முதல் முதலாக ‘ம்மா’ என்றபோது உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது அவளுக்கு. ஆனாலும் அந்தச் சின்ன வாயைக் கையால் பொத்தினாள். “யாருடா உனக்கு அம்மா? தோ எதிர்வூட்ல கீறா பாரு” என்று விரலை நீட்டிக் காட்டினாள். கொஞ்சம் வளர்ந்த பிறகும் ஒரு நாள் மறதியாக “அம்மா, சோறு” என்று வந்து நின்றான். பளாரென்று வாயிலேயே ஒன்று வைத்தாள். “என்னய அப்பிடிக் கூப்ட்டீன்னா சாமி வந்து உன்னத் தூக்கிக்கினு பூடும். ஞாபகம் வெச்சிக்கோ!” என்றாள். அடித்துவிட்டுத் தறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை அதற்குப் பிறகு தப்பே செய்யவில்லை.

அதற்கப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் எரிச்சல். நெற்றிப் பொட்டு வைப்பது எல்லம்மாள். மூக்கைச் சிந்திவிடுவது எல்லம்மாள். மாந்தம் வந்தால் ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடப்பது எல்லம்மாள். எதிர்வீட்டுக்காரி ஒரு வாய்ச் சோறு ஊட்டினது கிடையாது, ஒரு சட்டையை அலசிப் போட்டது கிடையாது. ‘அம்மா’ மட்டும் அவளுக்கு! ஏகாம்பரநாதர் கோயில் பங்குனித் திருவிழாவில் வியர்க்க விறுவிறுக்க இடித்துப் பிடித்துப் போய் ஒரு ஊதல் வாங்கிக் கொடுத்தாள். அதை வாயில் வைத்து ஊதிக்கொண்டே அவன் நேராக எங்கே ஓடினான்? எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகைக்குத்தான். திரும்பி வந்தபோது அவன் தலையில் சாணிப் புகை மணத்தது. எல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரதரவென்று இழுத்துப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள்.

“அம்மா, என் கணக்கு நோட்டு பாத்தியா?” என்று கமல் வந்து நின்றான்.

“இர்றா, உன்னோட வேற” என்றாள். அவன் போய்விட்டான்.

மறுநாளே தில்லையம்மாளிடம் பால் வாங்குவதை நிறுத்தினாள். கடையில் பாக்கெட் பால்தான் இனிமேல். புருஷன் பரசுராமன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை எட்டப் பிடித்துப் பார்த்தான்.

“இன்னாமே இது, காபியா கழுநீரா?”

“புடிச்சா குடி, புடிக்கலன்னா அவ வூட்லயே போயி குடி.”

“அட, புள்ள கூப்புடறதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? நீ போட்ட வெலதானே இது?” என்று சிரித்தபடி அவன் தறிக்குழியில் காலை இறக்கி நெய்ய உட்கார்ந்துவிட்டான். அவனுக்கென்ன, அவனை அப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் பிள்ளை.

பால் நின்றது பற்றித் தில்லையம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் தெருக்குழாயடியில் எல்லம்மாளே வலியப் போய் ஆரம்பித்தாள்.

“ஊரான் புள்ளைக்கு மருந்து வெச்சு மயக்கி வெச்சிக்கினு, ஒண்ணும் தெரியாத மாதிரி தண்ணி புடிக்கறாங்கபா சில பேரு!”

தில்லையம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. “அடி போடி பைத்தியமே! அஞ்சு பெத்து, அம்மா அம்மான்னு கேட்டுக் கேட்டு எங்காதே தேஞ்சு கெடக்குது. இதுல ஆறாவதுக்கு மருந்து வேற வெப்பாங்களா? நாளைக்கே மொட்டையப் போட்டு இட்டுக்கினு போயேன், எனக்கு ஒரு தொல்ல வுட்டுது.”

தன்னிடமிருந்து பறித்து அவள் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தால்கூட எல்லம்மாளுக்கு மனசு ஆறியிருக்கும். தான் ஏங்கி ஏங்கிச் சாகிற ஒன்று அவளுக்குத் தொல்லையாம்! குடம் நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றாள்.

ஆடியில் வேன் பிடித்துப் படவேட்டுக்குப் போனார்கள். அங்கம்மாள், தில்லையம்மாள், எல்லம்மாளின் அண்ணன் குடும்பம் என்று வண்டி நிறைய ஜனம். மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள். புதுப் புடவையோடு எல்லம்மாள் இரண்டு பங்குத் தவிட்டைத் தில்லையம்மாளின் முறத்தில் கொட்டினாள். “எட்த்துக்கோ உன் புள்ளய. என் மாட்டுக்கும் தீனியாச்சு” என்று வெற்றிலை எச்சிலை ஒதுக்கிக்கொண்டு தில்லையம்மாள் பிள்ளையை அவள் மடியில் உட்கார்த்தினாள்.

எல்லம்மாள் அவன் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். இத்தனை வருஷமும் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே!

“என் ராஜா! இனிமே நான்தான் உனக்கு அம்மா. எங்க, அம்மான்னு கூப்புடு.”

பிள்ளை அவளைப் பார்த்தான். தில்லையம்மாளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டி, “சரிக்கா” என்றான்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பரசுராமனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லம்மாளும் சிரித்துவைத்தாள்.

ஊருக்கு வந்ததும் தில்லையம்மாள் அவனைக் கூப்பிட்டு, “டேய் தவுடு, இன்னைலேர்ந்து நான் உனக்குப் பெரிம்மா. தெரிதா?” என்றாள். அவ்வளவுதான், அந்த நிமிஷத்திலிருந்து “பெரிம்மோவ்!” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ஒரு தடங்கல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. அவள் சொன்னால் நாக்கு புரளுகிறது! இவளிடம் வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவான். அக்கா என்பதையும் விட்டுவிட்டான். ஏதாவது வேண்டுமென்றால் முந்தானையைப் பிடித்து இழுப்பான், இல்லாவிட்டால் பக்கத்தில் வந்து பேசாமல் நிற்பான்.

எல்லம்மாள் கெஞ்சினாள். தேன்மிட்டாய் வாங்கி வந்து கண்ணுக்கு நேராகக் காட்டினாள். “அம்மான்னு சொல்லு, அத்தினியும் உனக்குத்தான்.” மிட்டாயைப் பார்த்து எச்சிலை விழுங்கிவிட்டு அவன் மெதுவாக நகர்ந்து போய்விட்டான். “அம்மா, எனக்கு ஒண்ணும்மா” என்று கமல் கையை நீட்டினான். முழுப் பொட்டலத்தையும் அவன் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ‘அதுக்கு என்னயப் புடிக்கல, அவ்ளோதான். அந்தச் சாணிக்காரிதான் ஒசத்தி’ என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. தறிக்குப் பாவு நூல் வாங்கப் பரசுராமன் நெசவாளர் சொஸைட்டிக்குப் போயிருந்தான். தறி சும்மா கிடந்தது. எல்லம்மாள் உள்ளறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் கூடத்தில் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து பஸ் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தன. கமல்தான் டிரைவர். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய் வண்டியை நிறுத்திவிட்டுத் தம்பியைக் கேட்டான்.

“ஏண்டா, ஒரே ஒரு தபா அம்மான்னு கூப்ட்டா இன்னாடா? மிட்டாய் குடுக்குதில்ல?”

“வாணாம்” என்றான் தவுடு.

“ஏன்?”

“சாமி தூக்கிக்கினு பூடும்.”

“யாரு சொன்னா?”

“அதான் சொல்லுச்சு. வாய்லயே அடிச்சிச்சு.”

உள்ளே ராட்டை நின்றது. ஐயோ, பிடிக்காமல் இல்லையா? பயமா? பிள்ளைக்கு அவளே ஊட்டிய பயமா? எழுந்து ஓடி அவனை வாரி எடுத்துக்கொள்ளத் துடித்தாள். அதற்குள் கமலின் குரல் கேட்டது. தம்பிக்குத் தைரியம் சொல்கிற பெரிய மனுஷக் குரல்.

“அட லூசு, அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுடா. நான் தெனம் கூப்புடறேனே, எத்தினி தபா கூப்புடறேன்! சாமியும் வராது, ஒண்ணும் வராது. அது திரும்பிக்கூடப் பாக்காது. வேணும்னா பாரு, இப்ப கூப்புடறேன்.” உள்ளறைப் பக்கம் தலையைத் தூக்கி, “அம்மா!” என்று கத்தினான்.

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள் எல்லம்மாள். கமல் சொன்ன ‘திரும்பிக்கூடப் பாக்காது’ அவளை அங்கேயே நிறுத்திவிட்டது.

கமல் தம்பி பக்கம் திரும்பினான்.

“பாத்தியா? ஒண்ணும் ஆவல. பயப்படாத, கூப்புடு.”

தவுடு அண்ணன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். “அம்மா” என்றான்.

எல்லம்மாள் எழுந்து வந்தாள். தறிக்குழி ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குனிந்து இரண்டு கையாலும் கமலின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னா கமலு? இன்னாடா வேணும் உனக்கு? சொல்லுடா.”

கமல் திருதிருவென்று விழித்தான்.

“நான் இல்லமா” என்றான். “அவன்தான் கூப்ட்டான்.”