வடிவு டீச்சரின் பீர் ரொட்டி

சங்கரவடிவு டீச்சர் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். பூனாவில் இருக்கும் மகன் கணேஷ்ராம் ஓவன் வாங்கி அனுப்பினான். “இத்தன வருஷம் உழைச்சிட்டம்மா, இனிமேயாவது ஒனக்குப் பிடிச்சதச் செய்” என்று போனில் சொன்னான். பிடித்ததைச் செய் என்று சொல்லிவிட்டு சமையல் சாமானை அனுப்புகிற பிள்ளையை என்ன சொல்ல? டீச்சர் சந்தோஷம் என்று மட்டும் சொன்னார்.

பாளையங்கோட்டையில் ஆண்பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் அவர் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவர். ஒரு கருவி வீட்டில் சும்மா கிடப்பது அவருக்கு ஆகாது. ரொட்டி சுட்டுப் பார்க்கலாம் என்று மாவைப் பிசைந்தார். ஆனால் பெருமாள்புரத்துக் கடைகளில் வாங்கிய ஈஸ்ட் பொட்டலங்களில் இருந்த உயிர்கள் எல்லாம் நெல்லை வெயிலில் எப்போதோ சிவலோகம் போய்ச் சேர்ந்திருந்தன. மாவு பொங்கவே இல்லை. வெந்து வந்ததை அவர் கணவர் ஞானசம்பந்தன் எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தார்.

“இதுல இன்னும் நாலு சுட்டுக் குடு. ஆத்துல புதுப் படித்துறையே கட்டிரலாம்.”

ஞானசம்பந்தன் கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோயில் திருப்பணிக் கமிட்டியில் பொருளாளர். கார்த்திகை, சோமவாரத்தில் வெங்காயம்கூடத் தொடமாட்டார். மாதாமாதம் தேவார வகுப்பில் புலனடக்கம் பற்றிப் பேசுவார். கேட்டு முடித்தவர்கள் நேரே டீக்கடைக்குப் போய் பஜ்ஜி தின்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் ஒரு வீடியோ பார்த்தார். ஏதோ வெளிநாட்டு அம்மாள் மைதாவில் பேக்கிங் பவுடரும் உப்பும் சர்க்கரையும் கலந்து, பீரை ஊற்றிக் கிண்டி, அப்படியே ஓவனுக்குள் தள்ளினாள். ஈஸ்ட் இல்லை, பிசைதல் இல்லை, பொங்கட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. டீச்சருக்கு அந்த வேதியியல் பிடித்துப்போயிற்று. கணவரிடம் வாங்கிவரச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பாவம், அந்தக் கடை எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாத மனுஷன். குடையையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார்.

பைபாஸ் பக்கத்து டாஸ்மாக்கில் மத்தியானக் கூட்டம். டீச்சரிடம் படித்துத் தேறாதவர்கள் வரிசையில் நின்றார்கள். தேறியவர்களும் நின்றார்கள், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

“ஏலே, டீச்சர்லே!” என்று ஒரு குரல் கேட்டது. வரிசை காலைப் பிரார்த்தனைக் கூட்டம் மாதிரி நிமிர்ந்தது. சிகரெட்டுகள் காலடியில் நசுங்கின. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் இசக்கிமுத்து பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“என்ன டீச்சர் இங்கன? யாரையும் தேடுதீயளா?”

“பீர் வாங்க வந்தேம்பா. ரொட்டி சுடுததுக்கு.”

யாரும் நம்பவில்லை. ஆனால் வீட்டில் தினமும் ஏதாவது காரணம் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். இது புதுசாக இருக்கிறதே என்று மரியாதையோடு பார்த்தார்கள். முன்னால் போங்க டீச்சர் என்று வழிவிட்டார்கள்.

“வரிசைன்னா வரிசைதான்” என்று கடைசியில் போய் நின்றார் டீச்சர். நின்ற இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. “பீர்ல கரியமில வாயு இருக்குல்லா, அதும் பேக்கிங் பவுடரும் சேந்து மாவத் தூக்கும். சூட்டுல ஆல்கஹால் முக்காவாசி ஆவியாப் போயிரும்.”

“போயிருமா?” இசக்கிமுத்துவுக்கு முகம் வாடிவிட்டது. “பெறகு எதுக்கு டீச்சர் அந்த ரொட்டி?”

கவுண்டரில் இருந்தது ஹெப்ரான். அவனும் பழைய மாணவன்தான். கசப்பு கம்மியான பீர் ஒன்றைத் தேடி எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “சாருக்கும் சேத்துக் குடுத்துரட்டா டீச்சர்? அவங்க வழக்கமா எடுக்குத பிராந்தி வந்திருக்கு” என்றான்.

“எந்த சாருக்கு?”

“நம்ம சாருக்குத்தான். கருவூலத்து சாருக்கு. செவ்வா வெள்ளி மட்டும் தொடமாட்டாங்க. அந்த ஒழுக்கத்தச் சொல்லணும் டீச்சர்.”

சாயங்கால நடைக்குப் போய்வந்த பிறகு கணவர் மேல் வரும் வாடையைத் தசமூலாரிஷ்ட மருந்து என்று அவர் சொல்ல, டீச்சர் நம்பியிருந்தார். சோதனைச் சாலையில் எந்தக் குடுவையில் என்ன இருக்கிறது என்று மணத்தை வைத்தே சொல்லும் மூக்கு அது. ஞானப்பால் குடித்த பிள்ளையின் பெயரை வைத்திருக்கும் மனிதர் வேறொன்றைக் குடிப்பார் என்று அந்த மூக்குக்குத் தோன்றவே இல்லை.

“அது வேண்டாம்பா. அத சாரே வந்து வாங்கிக்கிடட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் மைதாவைச் சலித்தார். பீரை ஊற்றியபோது மாவு புஸ்ஸென்று நுரைத்தது. கரண்டியால் கிளறி, எண்ணெய் தடவிய தகரத் தட்டில் கொட்டி, மேலே உருக்கிய வெண்ணெயை ஊற்றி ஓவனுக்குள் வைத்தார். வீடெல்லாம் வாசனை ஏறிவரும்போது ஞானசம்பந்தன் கோயிலிலிருந்து வேகமாக வந்தார்.

“ஊருக்குள்ள தல காட்ட முடியல. ஒன்னய அந்தக் கட வாசல்ல பாத்தாராம், கமிட்டியில ஒருத்தர் சொல்லுதாரு.”

“பாத்தவரு அங்கன என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாராம்?”

“பேச்ச மாத்தாத!” என்று ஆரம்பித்தவர் குலம், கோத்திரம், சைவம், சிவதீட்சை என்று வரிசையாக இறங்கினார். டீச்சர் குறுக்கே பேசவில்லை. வாய்மொழித் தேர்வில் தப்பாகச் சொல்கிற பையனைச் சொல்லி முடிக்க விடுவது அவர் பழக்கம்.

“ஹெப்ரான் ஒங்கள விசாரிச்சான்” என்றார் கடைசியில்.

“எந்த ஹெப்ரான்?”

“வழக்கமா எடுக்குதது வந்திருக்காம். செவ்வா வெள்ளி தொடமாட்டீயளாமே. ஒங்க ஒழுக்கத்த அவன் ரொம்ப மெச்சிக்கிட்டான்.”

ஞானசம்பந்தன் பைய நாற்காலியில் உட்கார்ந்தார். “அது அஜீரணத்துக்கு...”

“அரிஷ்டம்னு சொன்னீய.”

“அதும் ஒரு வகையில அரிஷ்டந்தான்.”

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. “நீங்க குடிச்சதுகூடப் பெருசில்ல. ஊருக்கெல்லாம் புலனடக்கம் சொல்லிட்டு வந்து எம்மூக்க ஏமாத்துனீய பாருங்க, அதுதான் ஆறமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். கொஞ்ச நேரம் அழவும் செய்தார். அதற்குள் ஓவன் மணி அடித்துவிட்டது. அழுகையை விட்டுவிட்டு ரொட்டியை எடுத்தார்.

மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. காலையில் வைத்த சொதி மிச்சம் இருந்தது. தேங்காய்ப்பாலில் தோய்த்தால் ரொட்டி கரையாமல் நின்றது. ஞானசம்பந்தன் முதலில் வேண்டாம் என்றார். சைவத்துக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தவர், யோசித்துவிட்டு வாயை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். இன்னொரு துண்டு கேட்கும்போது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பாட்டிலில் பாதி மீந்திருந்தது. “அது?” என்று கேட்டார். டீச்சர் அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றினார். சொந்தக்காரர் ஒருவரை ரயிலேற்றிவிடுகிற முகத்தோடு ஞானசம்பந்தன் ஜன்னலில் நின்று பார்த்தார்.

வழி தெரிந்தவர் என்பதால் இப்போது வாராவாரம் பீர் வாங்கிவருவது அவர் பொறுப்பு. துணிப்பையோடு பட்டப்பகலில் நிமிர்ந்து போகிறார். யார் கேட்டாலும் “ரொட்டிக்கு” என்கிறார். பிராந்தியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். டீச்சர் மோந்து பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்.

“ரொட்டிக்கு” என்ற ஒற்றைச் சொல்லின் சௌகரியம் கமிட்டிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. பெருமாள்புரத்தில் திடீரென்று ரொட்டி சுடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு சங்கரி ஒருநாள் வந்து நின்றாள்.

“எங்க வீட்டு அவுகளும் ரொட்டிக்குன்னுதான் வாங்கிட்டு வாராக டீச்சர். ஒரு ரொட்டியையும் கண்ணால பாக்கல.”

“வீட்டுல ஓவன் இருக்கா?”

“கேஸ் அடுப்புதான்.”

“ஞாயித்துக்கிழம அவர பாட்டிலோட இங்கன அனுப்பு. மத்த வீட்டுக்காரங்க கிட்டயும் சொல்லு.”

அந்த ஞாயிறு மத்தியானம் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, நெற்றி நிறைய விபூதியோடு ஓய்வு பெற்ற அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பாத்திரம் மைதா. மனைவிமார் சுவரோரம் நின்று பார்க்க, தாங்கள் வாங்கிவந்ததைத் தங்கள் கையாலேயே மாவில் ஊற்றினார்கள்.

“கட்டி தட்டாமக் கிண்டுங்க” என்றார் டீச்சர்.