அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து வந்த வரவேற்பறை

என் கணவர் எகிப்தில், அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்தார். நான்கு வருடம் நானும் அங்கே இருந்தேன். ஆறு வயது மகளை மட்டும் கூட்டிப்போகவில்லை. பள்ளிக்கூடம் சரிப்படாது என்று சமயநல்லூரில் என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். நாத்தனார் என் கணவருக்கு அக்கா. பிள்ளை இல்லாதவர். எங்கள் குடும்ப வயலையும் இரண்டு எருமைகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலெக்ஸாண்ட்ரியாவில் நான் பார்த்த வீடுகளிலெல்லாம் உட்கார இரண்டு இடம் இருந்தது. வீட்டு மனிதர்கள் டிவி பார்க்கவும் கால் நீட்டவும் சாதாரண சோபா. விருந்தாளிகளுக்கு மட்டும் தனி அறை. அதை 'சலோன்' என்பார்கள். வளைந்த கால்களும் பூ செதுக்கிய முதுகுமாகத் தங்க முலாம் பூசிய சோபா, நாற்காலிகள், வெல்வெட் மெத்தை, தரை வரை தொங்கும் கனத்த திரைச்சீலை, கண்ணாடிச் சரவிளக்கு. மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் இருக்கும். அவற்றில் யாரும் சாப்பிட்டதே கிடையாது.

எங்கள் எதிர்வீட்டு அம்மாள் சலோனுக்கு வெள்ளை உறை போட்டு மூடியே வைத்திருப்பார். நான் முதல் முறை போனபோது அவசரமாக உறைகளை உருவிவிட்டு, என் கையைப் பிடித்து நடு நாற்காலியில் உட்கார வைத்தார். அவருடைய மாமியார் வாசல் நிலையில் நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். வில்லாபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த நாற்காலி எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

ஊர் திரும்பி நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டியதும், அதே மாதிரி ஒரு செட்டைக் கப்பலில் வரவழைத்தேன். திரை, விளக்கு, அலமாரி எல்லாம் அங்கே பார்த்தபடியே. பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலையும் கிடைத்தது.

மகளுக்குப் பத்து வயதாகியிருந்தது. என்னை 'மம்மி' என்றாள். நாத்தனாரை 'அம்மா' என்றாள். "அத்தைன்னு சொல்லு" என்று பழக்கினேன். சொல்லுவாள். காய்ச்சல் வந்தால் மறந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் தூக்குவாளியில் தயிரும் பையில் கத்தரிக்காயுமாக பஸ் ஏறி வருவார். "நீங்க நம்ம வீட்டு ஆளுதான மதினி, உள்ள வாங்க" என்று சிரித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் கூட்டிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பேன். அதை அவர் உரிமை என்று எடுத்துக்கொண்டார். சலோன் பக்கம் அவர் திரும்பியதே இல்லை.

ஒரு சனிக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் மூன்று டீச்சர்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள். அன்று காலை மகள் யாருக்கும் தெரியாமல் நாத்தனாருக்கு போன் போட்டு, வயிறு வலிக்கிறது என்று அழுதிருக்கிறாள். களை எடுத்துக்கொண்டிருந்தவர் உடுத்திய சேலையோடு ஓடி வந்துவிட்டார். மகள் அவரைச் சலோனுக்கு இழுத்துவந்து நடு சோபாவில் உட்கார வைத்து, மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"இவங்க யாரு மிஸ்?" என்றார் ஒரு டீச்சர்.

"ஊர்ல எங்க வயலப் பாத்துக்கிறவங்க" என்றேன்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். "மம்மி, இது அப்பாவோட..."

"சும்மா இரு தாயி" என்று நாத்தனார் அவள் வாயைப் பொத்தினார். டீச்சர்களைப் பார்த்து, "ஆமாம்மா, வயலுதான் பாக்குறேன்" என்றார்.

நான் அதோடு விடவில்லை. "எந்திரிங்க, வெல்வெட்டு. சேறு பட்டாப் போகாது" என்றேன். எழுந்தார். ஈரத்துணி கொண்டுவந்து அவர் உட்கார்ந்த இடத்தை, அவர் நிற்கும்போதே துடைத்தேன். ஒரு டீச்சர் குடித்து முடித்த காபி கப்பை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். மற்ற கப்புகளையும் சேர்த்து எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்.

நான் தடுத்திருக்கலாம். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்க்கட்டும், தான் 'அம்மா' என்று கூப்பிடுவது யாரை என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"வாரேம்மா" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். மகள் செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப் வரை பின்னால் போனாள்.

விஷயம் தெரிந்து கணவர் மறுநாளே சமயநல்லூர் போனார். திரும்பி வந்து, "அக்கா ஒண்ணும் சொல்லல. 'வெளி ஆளுக இருந்தாங்க, அவளுக்குச் சங்கடமாப் போச்சு'ன்னுச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசப் பல மாதம் ஆனது.

நாத்தனார் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆறு மாதம் கழித்து நானே போனேன். பாய் விரித்தார், மோர் கொடுத்தார். "மதினி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"எருமைக்குத் தண்ணி காட்டணும். இருந்து சாப்ட்டுப் போம்மா" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வரவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லை.

மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். லீவு கிடைத்தால் நேராக சமயநல்லூர் போவாள். எங்களுக்கு ஒரு பகல் ஒதுக்குவாள். போன மாதம் நாத்தனாருக்கு முட்டியில் ஆபரேஷன். மகள் பத்து நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். நான் போன் செய்து, கஞ்சி வைத்து எடுத்து வருகிறேன் என்றேன்.

பக்கத்தில் நாத்தனார் குரல் கேட்டது. "வரச் சொல்லு தாயி."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் சொல்றேன், நீங்க வராதீங்க" என்றாள் மகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கஞ்சியைக் கணவர் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.