சுவரை விட்டு நகராதவர்

எங்கள் மருத்துவமனையில் நெட்வொர்க் இல்லாத ஆள் கிடையாது. உடம்புக்குள் ஓடுவதுதான் உலகத்திலேயே மூத்த நெட்வொர்க் என்பார் நரம்பு டாக்டர். கணினிப் பிரிவு அதிகாரி கேபிளைக் காட்டுவார். கண்காணிப்பாளருடையது தலைமை அலுவலகம் வரை நீளும். அதைப் பிடித்து ஏறித்தான் அவர் கண்காணிப்பாளரானார். செவிலியர் அறையில் இருப்பது அதிவேகம்: யாருக்கு இடமாற்றம் என்பது உத்தரவு தட்டச்சாகும் முன்பே அங்கே தெரிந்துவிடும்.

இந்தப் பெருமைப் பட்டியலில் குழாய்க்காரர் இல்லை. இருபத்தாறு வருடமாக நல்ல தண்ணீரும் கழிவுநீரும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல் பார்த்துக்கொண்டதுதான் அவர் செய்த சாதனை. அடைத்துக்கொண்டால் லேசில் திறக்கமாட்டார் என்பதால் அவருக்கு வால்வு என்று பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதிய கேபிளுக்காக இரண்டாம் மாடிச் சுவரில் துளையிட வந்தார் கணினி அதிகாரி. டிரில்லைப் பிடித்திருந்த மின்பணியாளர் வால்வுடைய தங்கை கணவர். வால்வு வந்தார், பார்த்தார், துளை விழவேண்டிய இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"உள்ள குழாய் ஓடுது சார். டயாலிசிஸ் வார்டுக்குப் போற தண்ணி. இப்ப ஆறு பேரு மெஷின்ல படுத்திருக்காங்க."

"வரைபடத்துல இல்லையே."

"வரைஞ்சவரு இந்த மாடி ஏறினதே இல்ல. குழாய் போட்டவன் நான்."

"கம்ப்யூட்டர் வரைபடங்க அது."

"அதுக்குத் தாகம் எடுக்காதுல்ல சார், அதான் தெரியல."

மின்பணியாளர் குரலைத் தாழ்த்தினார். "மச்சான், நகருங்க. வேலை போயிடும்."

"போனா குடும்பத்தோட உன் வீட்டுக்குத்தான் வருவேன் மாப்ள. பாத்துத் துளை போடு."

மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

கண்காணிப்பாளர் வந்தார். "சஸ்பெண்ட் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க சார். நான் இங்கதான் இருப்பேன்." வால்வு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, 'குழாய் இருப்பதாகச் சொல்லியும் துளையிட உத்தரவிட்டவர்' என்று எழுதி, கீழே இடம் விட்டு நீட்டினார். "யாராவது ஒரு கையெழுத்து. அப்புறம் நான் நகர்றதப் பத்திப் பேசலாம்."

இது கணினிப் பிரிவின் பொறுப்பு என்றார் கண்காணிப்பாளர். கட்டடப் பிரிவின் பொறுப்பு என்றார் அதிகாரி. கட்டடப் பிரிவு தொலைபேசியில் தலைமை அலுவலகத்தைக் கைகாட்டியது. தலைமை அலுவலகம் கண்காணிப்பாளரையே கேட்கச் சொன்னது. எல்லோரும் எல்லோரோடும் அத்தனை அழகாக இணைந்திருந்தார்கள். பேனா மட்டும் ஒருவர் விரலிலும் ஒட்டவில்லை.

கடைசியில் கேபிள் கூரையோரமாக நாற்பது மீட்டர் சுற்றிப் போனது. டயாலிசிஸ் வார்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

மறுநாளே வால்வுக்கு மெமோ வந்தது. 'சுவருக்குள் குழாய் இருப்பதாகக் கூறிப் பணியைத் தடுத்த' குற்றத்துக்கு மூன்று நாளில் பதில் வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை. கண்காணிப்பாளரின் கையெழுத்து, முத்திரை, தேதி, எல்லாம் சுத்தமாக இருந்தன.

"பதில் எழுதிட்டீங்களா மச்சான்?"

"மெமோவையே ஒட்டிட்டேன்."

"எங்க?"

"அந்தச் சுவத்துலதான். உள்ள குழாய் இருக்குன்னு இந்த ஆஸ்பத்திரி முத்திரை குத்தின ஒரே காகிதம் அதுதான் மாப்ள. அடுத்து டிரில்லோட வர்றவன் படிச்சிட்டுப் போகட்டும்."