ரோல் முடியட்டும்

போனில் படமெடுப்பவர்களைக் கண்டாலே றோய்க்கு இளக்காரம். எல்ல ஊருக்குச் சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப்போன பழைய பிலிம் கமராவோடுதான் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளெல்லாம் திரிவான்.

மாதா கோயில் திருவிழாவன்று பக்கத்து வீட்டு இருதயம்மாவைப் புதுச் சேலையில் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தான். கொழுந்து பறித்துத் திரும்பும்போதெல்லாம் அவள் கேட்பாள்.

“படம் வந்துருச்சாப்பா?”

“ரோல் முடியட்டும் அத்தை. அப்பதான் கழுவலாம்.”

மாதங்கள் போயின. மலையில் குளவி கொட்டி இருதயம்மா செத்துப்போனாள். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்றபோது எடுத்த படத்தோடு ரோல் முடிந்தது.

கொழும்பிலிருந்து இரண்டு படங்களும் ஒன்றாகவே வந்தன. திருவிழாப் படத்திலும் இருதயம்மா கண்ணை மூடியிருந்தாள்.

அவள் மகன் யாகோப்பு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான்.

“போன்ல எடுத்திருந்தா அப்பவே பாத்து இன்னொன்னு எடுத்திருக்கலாமேடா.”