மிஸ்ஸியின் செவ்வாய்க்கிழமை போன்

சூசைநாதனின் மூத்த மகள் அந்தோனியம்மாளைச் சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மிஸ்ஸி என்றால்தான் தெரியும். துறைமுகத் தொழிலாளர்களின் மருத்துவக் காப்பு நிதி நடத்திய கிளினிக்கில் அவள் தாதி.

எண்பத்து மூன்றாம் வருஷம் அந்த நிதிக்கு ஒரு விதி வந்தது. டாக்டர் போனில் சொன்னால் அது வைத்தியம், நிதி ஏற்கும். தாதி சொன்னால் ஏற்காது. அதனால் செவ்வாய்தோறும் அவள் மருதப்பனுக்குப் போனில் கைப்பயிற்சி சொல்லிவந்ததை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

மருதப்பன் கப்பலில் சரக்கு இறக்கியவர். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஊரின் மறுகோடியில், தெம்பனிஸ் புது வீட்டில் நாலாம் மாடி, லிஃப்ட் அங்கே நிற்காது. நேரில் வா என்றால் ஆள் வைத்துத் தூக்கி இறக்க வேண்டும். போனும் நின்றால் அந்தக் கை மடங்கினது மடங்கினதுதான்.

மிஸ்ஸி விடுவாளா? நிதிக் குழு கூடிய செவ்வாயன்றே உள்ளே போனாள். “ஒரே ஒரு தடவை காதால கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க” என்று நம்பரைச் சுழற்றினாள். குழுத் தலைவர் அலெக்சாண்டர் அவள் பிடித்திருந்த ரிசீவரில் தன் காதையும் ஒட்டிக்கொண்டார். ஒரு காலத்தில் மருதப்பனோடு மூட்டை தூக்கியவர்தான் அவரும்.

எடுத்தது மருதப்பன் மனைவி பூவம்மா. “மிஸ்ஸியா? சாப்பிட்டாச்சா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? தங்கச்சிக்கு என்ன குழந்தை?”

நம் ஜனங்களுக்கு நோயை எடுத்த எடுப்பில் சொல்ல வராது. உறவையெல்லாம் ஒரு சுற்று விசாரித்து முடிக்கவேண்டும்.

அலெக்சாண்டர் சிரித்தார். “வெறும் அரட்டை லா! இதுக்கா நிதி?”

மிஸ்ஸி அவரைக் கையமர்த்தினாள். “பூவம்மா, பின்னால என்ன சத்தம்?”

“அவருதான். நீங்க சொன்ன மாதிரியே இடது கையால மாவு பிசையறாரு. நேத்து சட்டியைக் கீழே தள்ளிட்டாரு. இன்னிக்குத் தள்ளலை.”

“அவர்கிட்ட கொடுங்க. இடது கையிலதான் பிடிக்கணும்.”

அந்தப் பக்கம் ரிசீவர் டமாரென்று விழுந்தது. மறுபடி உரசியது. “மிஸ்ஸி, பிடிச்சுட்டேன். மாவு ஒட்டிக்கிச்சு, இனிமே விட்டாலும் விழாது!”

அலெக்சாண்டர் போனைப் பிடுங்கினார். “டேய் மருதா, நெசமாவா?”

“யாரு, அலெக்சாண்டரா? ஆஸ்பத்திரிக்கு வந்து எழவு வீடு மாதிரி அழுதியே! இப்ப வா, பரோட்டா போட்டுத் தரேன். நாலு மாடி ஏற உன் தொப்பை விடுமா?”

அறை முழுக்கக் கேட்ட அந்தக் குரலுக்குக் குழுவே சிரித்தது. அலெக்சாண்டர் மட்டும் சிரிக்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே விதி மாறியது. தாதியோ மருத்துவச்சியோ கைகால் பயிற்சி தருபவரோ, யார் போனில் பார்த்தாலும் அது வைத்தியம்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கிளினிக் வாசலில் மருதப்பன் நின்றார். மாடிப்படி இறங்கி, பஸ் மாறி வந்திருந்தார்.

“நேர்ல வரவேணாம்னுதானே இவ்வளவு சண்டை போட்டேன்!” என்று கத்திக்கொண்டே மிஸ்ஸி அவருடைய இடது கையைப் பிடித்தாள்.

அவர் ஒரு இறுக்கு இறுக்கினார்.

“விடுங்க, வலிக்குது!” என்றாள், கிளினிக் முழுக்கக் கேட்கும்படி.