பதினான்காம் கூண்டு

பொய் எழுதியவள் சொல்வதை யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

மன அழுத்த ஹார்மோன் பெண் எலிகளின் சினைச் சுழற்சியை நிறுத்துகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. ஹார்மோன் கலந்த தண்ணீர் வைப்பது எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. தினமும் பரிசோதிப்பது நான். பிறப்புறுப்பில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, உறிஞ்சி, ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இருபது எலி, இரண்டு மணி நேரம். முதுகு ஒடிந்துவிடும்.

எப்படியும் நிற்கத்தானே போகிறது என்று ஒன்பது நாள் கூண்டறைப் பக்கமே போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நோட்டில் 'நின்றது', 'நின்றது' என்று எழுதித் தள்ளினேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பத்தாம் நாள் காலை பேராசிரியர் நோட்டைப் புரட்டினார். "உன்னை நம்பித்தாம்மா கட்டுரையே எழுதுறேன்" என்றார். சுருக்கென்றது. நேராகக் கூண்டறைக்கு ஓடினேன்.

9:05. ஆரம்பித்தேன். முதல் பதின்மூன்று எலிகளும் கையில் துள்ளின. ஒன்று கடித்தும் வைத்தது.

10:23. பதினான்காவது துள்ளவில்லை.

கையுறையைத் தாண்டிச் சில்லிட்டது. வயிறு மூச்சில் அசையவில்லை... தலை மட்டும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது.

சொட்டு விட்டு உறிஞ்சினேன். எலியைக் கூண்டில் விட்டு மூடினேன். ஸ்லைடில் சினைப்பருவச் செல்கள், திட்டுத் திட்டாக. சுழற்சி நிற்கவே இல்லை!

திரும்பினேன்.

கூண்டு காலி.

மூடி மூடியபடியே...

"அக்கா! பதினாலு எங்க?"

"அது செத்து ஒன்பது நாளாச்சே. கூண்டைக்கூடக் கழுவி வச்சுட்டேன்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் நோட்டுல எழுதலையா?"

நிலம் பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பட்டம் போனால் போகட்டும் என்று பேராசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் வலித்தது. பிறகு ஸ்லைடைப் பார்த்தார். "இது புதுசு. இன்னும் காயவே இல்ல. இன்னைக்கு எடுத்தது" என்றார்.

செத்த எலிகளை எரிக்க அனுப்பும்வரை ஃப்ரீசரில் வைப்பார்கள். அக்கா பையை எடுத்துவந்தார். மேலே எண் பதினான்கு, ஒன்பது நாள் பழைய தேதி. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பேராசிரியரே பிரித்தார்.

எலி கல்லாக உறைந்திருந்தது.

அக்கா குனிந்து தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உடம்பெல்லாம் ஐஸு... வாலடியில, நீ சொட்டு விடுற இடம் மட்டும் எப்படிம்மா ஈரமா, சூடா இருக்கு?"